ஹேசல்நட் இல்லாத பெட்டி

ஒரே சீனத் தொடரை மூன்றாவது முறையாகப் பார்க்கிறேன் என்றதும் கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் மகள் போனில் சிரித்தாள். "முடிவுதான் தெரியுமே அம்மா, அப்புறம் என்ன?" என்றாள். முடிவுக்காக யார் பார்க்கிறார்கள் கண்ணு? நான் பார்ப்பது ஒரு பலகாரப் பெட்டிக்காக.

தொடரின் பெயர் 'நிர்வாணா இன் ஃபயர்'. 2015-இல் வந்தது, 54 பகுதிகள். துரோகிகள் என்று பொய்ப்பழி சுமத்தி எழுபதாயிரம் வீரர்களைக் கொன்றுவிடுகிறார்கள். உயிர் தப்பிய இளந்தளபதி லின் ஷூ, உடம்பில் ஏறிய நஞ்சை முறித்ததில் முகமே மாறிப்போய், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து மெய் சாங்சூ என்ற பெயரில் தலைநகருக்குத் திரும்புகிறான். கூடவே வளர்ந்த நண்பன் இளவரசன் ஜிங்குக்குக்கூட அவனை அடையாளம் தெரியவில்லை. மெய் சாங்சூவாக நடித்த ஹூ கே, 2006-இல் ஒரு கார் விபத்தில் முகத்தில் பலத்த காயம்பட்டு மீண்டவர். அதை அறிந்த பிறகு அவர் கண்ணாடி முன் நின்றாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

இளவரசனின் தாய், அவர் பெயரும் ஜிங்தான், மருந்துச் செடிகளை வளர்த்துக்கொண்டு அரண்மனை மூலையில் யார் கண்ணிலும் படாமல் இருப்பவர். வந்திருப்பவன் லின் ஷூதான் என்று மகனுக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரு பயணநூலின் ஓரத்தில் சாங்சூ எழுதிய குறிப்புகளில் சில எழுத்துகளில் மட்டும் ஒரு கோடு குறைகிறது. அவை அவன் அம்மாவின் பெயரில் வரும் எழுத்துகள். பெற்றவர் பெயரை முழுதாக எழுதாமல் விடுவது அங்கே மரியாதை. கணவன் பெயரைக் கடைசிவரை வாயால் சொல்லாமல் போய்ச் சேர்ந்த என் பாட்டியிடம் சொல்லியிருந்தால் சட்டென்று புரிந்துகொண்டிருப்பார்.

புரிந்த அந்தத் தாய் என்ன செய்கிறார்? மகனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பலகாரம் செய்து இரண்டு பெட்டிகளில் கொடுத்தனுப்புகிறார். மகனுக்குப் போகும் பெட்டியில் ஹேசல்நட் பலகாரம் இருக்கிறது, மகனின் ஆலோசகராக இருக்கும் சாங்சூவுக்குப் போகும் பெட்டியில் இல்லை. சின்ன வயதிலிருந்தே லின் ஷூவுக்கு அந்தப் பருப்பு ஒத்துக்கொள்ளாது. நம் தொடராக இருந்தால் இந்த இடத்தில் மூன்று முறை இடி இடித்திருக்கும்.

நான் கொழிஞ்சாம்பாறையில் தையல்கடை வைத்திருக்கிறேன். பாலக்காடு மாவட்டம், ஆனால் காலையில் பஸ் ஏறினால் பொள்ளாச்சியில் துணி எடுத்துக்கொண்டு மத்தியானச் சோற்றுக்கு வீடு வந்துவிடலாம். எங்களுக்கு ஓணம் ஒரு நெருக்கடி, தீபாவளி இன்னொரு நெருக்கடி. இடையில் கிடைக்கும் இரவுகளில்தான் சீனா. ஆங்கில எழுத்து கீழே ஓடுவதால் மெஷினில் உட்கார்ந்து பார்க்க முடியாது, விரலில் ஊசி ஏறிவிடும். எனவே கொக்கி வைப்பதும் ஓரம் மடித்து எம்மிங் போடுவதும் மட்டும் அந்த நேரத்துக்கு. அதிலும் நல்ல காட்சி வந்தால் ஊசியைத் தலையணையில் குத்திவிட்டுப் பார்ப்பேன். தமிழில் குரல் மாற்றி வருபவையும் உண்டு, ஆனால் மகாராணியும் வேலைக்காரியும் ஒரே பெண்ணின் தொண்டையில் பேசுகிறார்கள். சீன மூலத்திலேயே பல நடிகர்களுக்கு வேறு ஆள்தான் குரல் கொடுக்கிறார் என்று மகள் சொல்கிறாள். இருக்கட்டும், அந்த அளவுக்கு எனக்குச் சீனம் தெரியாது.

எனக்குப் பிடித்த சீனத் தொடர்களில் எல்லாம் கதை ஒரே கணக்கில்தான் நடக்கிறது: யாருக்கு எது தெரியும், அதை எப்போது வாய் திறந்து சொல்கிறார்கள். 2011-இல் வந்த 'எம்ப்ரஸஸ் இன் த பேலஸ்' 76 பகுதிகள். அதில் ஹுவா என்று ஒருத்தி இருக்கிறாள், பார்த்த முதல் நாளே வெறுத்தேன். ஆணவம் பிடித்தவள், ஈவிரக்கம் இல்லாதவள். பேரரசர் அவளுக்கு மட்டும் ஒரு தனி வாசனைத்தூள் கொடுத்திருக்கிறார். அது தன்மேல் உள்ள காதலின் அடையாளம் என்று நாள் தவறாமல் புகைக்கிறாள். அவளுக்குப் பிள்ளை உண்டாகாமல் இருக்க அதில் கஸ்தூரி கலந்திருக்கிறது. கொடுத்தவருக்குத் தெரியும், வைத்தியருக்குத் தெரியும், நமக்கும் தெரிந்துவிடுகிறது. அவளுக்கு மட்டும் சாகும் நேரத்தில்தான் எதிரியின் வாயால் தெரிகிறது. சுவரில் தலையை முட்டிச் செத்துப்போகிறாள். அன்று நான் அழுத அழுகைக்கு என் கணவர் எழுந்துவந்து யார் வீட்டில் துக்கம் என்று கேட்டார். அவளுடைய கொடுமைகளில் ஒன்றைக்கூட அந்தத் தொடர் மன்னிக்கச் சொல்லவில்லை. ஆனாலும் நான் அவளுக்காக அழுதேன்.

எல்லோரும் கொண்டாடும் 'ஸ்டோரி ஆஃப் யான்ஷி பேலஸ்' (2018) அந்த அளவுக்கு எனக்குப் பிடிக்கவில்லை. தொடக்கம் அருமை, மறுக்கமாட்டேன். நாயகி யிங்லுவோ அரண்மனைத் தையல்கூடத்துப் பெண்ணாக வந்தால் எனக்கு வேறென்ன வேண்டும்? மகாராணியின் பிறந்தநாள் அங்கிக்கு வைத்திருந்த மயிலிறகு நூல் திருட்டுப்போகிறது. அவள் மான் வாலின் மென்மயிரைத் திரித்து நூலாக்கித் தைத்துவிட்டு, முன்னோர் சிக்கனத்தை நினைவூட்டத்தான் இப்படிச் செய்தேன் என்று அசராமல் சொல்கிறாள். கல்யாணத்துக்கு முதல் நாள் ஜரிகை தீர்ந்துபோய் நின்றவர்களுக்குத்தான் அந்தப் பகுதியின் அருமை தெரியும். ஆனால் போகப்போக அவளை யார் சீண்டினாலும் இரண்டே பகுதிகளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். கைதட்டலாம்தான். ஆனால் அகலத் தையல் போட்டு அவசரமாய் முடித்த ஜாக்கெட் மாதிரி, ஒரு துவைப்புக்கு மேல் தாங்கவில்லை.

காதல் தொடர்களைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. கால் இடறி நாயகன் கையில் விழுவது, ஞாபகம் போவது, ஞாபகம் வருவது. வெள்ளைப் பட்டு உடுத்திப் போர்க்களத்தில் புரண்டு எழுந்தவன்மேல் ஒரு துளி மண் இல்லை. அந்தத் துணி எங்கே கிடைக்கும் என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

'ரீசெட்' (2022) வேறு ஜாதி. பதினைந்தே பகுதிகள். 40 பகுதிகளுக்கு மேல் போகாதீர்கள் என்று சீன அரசின் ஒளிபரப்புத் துறை 2020-இல் சொன்னது நல்லதுக்குத்தான் போலிருக்கிறது. ஓடும் டவுன் பஸ் வெடிக்கிறது. ஒரு கல்லூரி மாணவியும் ஓர் இளைஞனும் மட்டும் அதே பஸ்ஸில் திரும்பத் திரும்ப கண்விழிக்கிறார்கள். இங்கே கணக்கு தலைகீழ். தெரிந்தவர்கள் வாய்விட்டுக் கத்துகிறார்கள், ஆனால் யாரும் நம்பவில்லை, போலீஸ் அவர்களையே சந்தேகப்படுகிறது. வேறு வழியில்லாமல் ஒவ்வொரு பயணியாக அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. மூட்டையில் தர்ப்பூசணி கொண்டுபோகும் மனிதர், பைக்குள் பூனையை மறைத்து வைத்திருக்கும் பையன் என்று ஒவ்வொருவரிடமும் ஒரு முழு வாழ்க்கை. வெடிப்பது ஒரு பையில் இருக்கும் பிரஷர் குக்கர். யாருடையது என்று சொல்லிக் கெடுக்கமாட்டேன். ஆடித் தள்ளுபடி நேரத்தில் பொள்ளாச்சி பஸ்ஸில் பாதிப் பேர் மடியில் குக்கர் இருக்கும். அந்த மாதம் முழுக்க நான் ஜன்னலோரமாகவே உட்கார்ந்து வந்தேன்.

தெரிந்தும் சொல்லாமல் இருப்பதில் எனக்கும் கொஞ்சம் பயிற்சி உண்டு. திருச்சூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, பெண்வீட்டு அம்மாமார் இருவர் நான் தமிழச்சி, விளங்காது என்று நினைத்து என் சேலையைப் பற்றி மலையாளத்தில் விலாவாரியாகப் பேசினார்கள். சாப்பாட்டுப் பந்தி வரை பேசாமல் இருந்தேன். பிறகு சுத்தமான மலையாளத்தில் இன்னும் கொஞ்சம் பாலடைப் பாயசம் கேட்டேன். ஒருவருக்குப் புரையேறிவிட்டது. அதில் யிங்லுவோவின் சாயல் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கடையில் அப்படி இல்லை. அளவு நாடா பல விஷயங்களைச் சொல்லிவிடும். மாமியாருக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரிந்த பிள்ளைப்பேறுகள் உண்டு. போன ஓணத்துக்குத் தைத்த ஓர் அக்கா இந்த முறை அளவு ஜாக்கெட் கொண்டுவராமல், "புதிதாகவே அளவெடுத்துவிடு" என்று சொல்லிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மார்பில் மூன்று அங்குலம் குறைந்திருந்தது, கையிலும் தளர்வு. வெயில் கடுமையாக இருக்கிறது என்று பேசிக்கொண்டே எழுதிக்கொண்டேன். வெட்டும்போது வழக்கத்தைவிட அதிகமாக, இரண்டு பக்கத்து உள்தையலிலும் ஒன்றரை அங்குலம் துணி விட்டேன். உடம்பு தேறினால் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். கூலி எப்போதும் வாங்குவதுதான் வாங்கினேன்.