பேக் ஆடுறவனுக்கும் ஒரு கப்பு

வியாசர்பாடி கிரவுண்டுல ஒரு பொடியன் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு நின்னான். ஃபுட்பால்ல பேக் ஆடச் சொல்லிட்டாங்களாம், பின்னாடி நின்னு கோல் விழாம தடுக்கிற வேலை.

"கோல் அடிக்கிறவனத்தாண்ணா தோள்ல தூக்கினு ஆடுறானுங்க. பேக்க யார்ணா பாக்குறா?"

நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோம் பத்திச் சொன்னேன். ஸ்வீடன்காரர், ஐஸ் ஹாக்கில டிஃபென்ஸ்மேன், அதாவது நம்ம பேக் மாதிரி. 1991-லேர்ந்து 2012 வரைக்கும் டெட்ராய்ட் ரெட் விங்ஸ் டீம்தான். 1,564 மேட்ச், 4 ஸ்டான்லி கப் (வட அமெரிக்க ஹாக்கி லீக் சாம்பியனுக்குக் குடுக்கிற கப்பு).

இடிச்சுத் தள்ளுற அந்த ஆட்டத்துல, இவர் எதிராளி வர்ற வழியில முன்னாடியே போய் நின்னுடுவார். குச்சிய லேசா நீட்டுவார், பக் (அந்த ஆட்டத்துல பந்துக்குப் பதிலா இருக்கிற வட்டு) இவர்கிட்ட.

எனக்கு இதுதான் அழகு. (ஃபார்வர்டு நண்பர்கள் மன்னிக்கவும்.)

அங்க டிஃபென்ஸ்மேனுக்குன்னே நாரிஸ் கோப்பை, 1954-லேர்ந்து. இவர் 7 தடவ வாங்கினார்.

நம்ம ஏரியா டோர்னமென்ட்ல டாப் ஸ்கோரருக்குக் கப்பு, கீப்பருக்கும் கப்பு.

பேக்குக்கு ஒரு எவர்சில்வர் டம்ளராவது குடுங்கப்பா.