ஒரு டம்ளர் பால்

8 மார்ச் 2025, சனி

அம்மா தூங்கினபிறகு இயக்குநர் டரான்டினோவின் 'இங்லோரியஸ் பாஸ்டர்ட்ஸ்' மறுபடி பார்த்தேன். 2009-இல் வந்த இரண்டாம் உலகப் போர்ப் படம். டாங்கி, பீரங்கி என்று எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். மேஜைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் உட்கார்ந்து பேசுகிறார்கள், பேசுகிறார்கள், அதிலேயே நமக்குக் கை வேர்த்துவிடுகிறது.

முதல் காட்சி: 1941, பிரான்சில் ஒரு பால் பண்ணை. ஹான்ஸ் லாண்டா என்கிற நாஜி அதிகாரி வருகிறான். ஒயின் வேண்டாம், பால் போதும் என்கிறான். பண்ணைக்காரரோடு சரளமாகப் பிரெஞ்சு பேசிக்கொண்டிருந்தவன், இதற்குமேல் எனக்கு வராது, ஆங்கிலத்தில் பேசலாமா என்று அவ்வளவு மரியாதையாகக் கேட்கிறான். எதற்கென்று உடனே பிடிபடாது. கேமரா மெல்ல மரத்தளத்துக்குக் கீழே இறங்குகிறது. அங்கே ஒரு யூதக் குடும்பம் மூச்சுக் காட்டாமல் படுத்திருக்கிறது. அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. அவர்களுடைய சாவு தலைக்குமேலேயே பேசி முடிக்கப்படுகிறது, ஒரு வார்த்தை புரியாமல் கிடக்கிறார்கள்.

லாண்டாவாக நடித்த கிறிஸ்டோஃப் வால்ட்ஸுக்குக் கான் திரைப்பட விழாவிலும் பரிசு, ஆஸ்காரும் கிடைத்தது. அந்தச் சிரிப்புக்கே கொடுக்கலாம்.

9 மார்ச், ஞாயிறு

காலையில் பெங்களூர் அல்சூர் மார்க்கெட் பக்கம் ஒரு தர்ஷினியில், அதாவது நின்றபடியே சாப்பிடும் சின்ன ஹோட்டலில், "மூரு காபி கொடி" என்று கன்னடத்தில் மூன்று காபி கேட்டேன். கல்லாவில் இருந்தவர் "சர்க்கரை கம்மியாங்க்கா?" என்று தமிழிலேயே கேட்டார். இத்தனை வருஷக் கன்னடம், மூன்றே வார்த்தையில் ஊர் தெரிந்துவிட்டது!

படத்தின் மதுக்கடைக் காட்சி ஞாபகம் வந்தது. ஜெர்மன் அதிகாரி வேஷத்தில் வந்த பிரிட்டிஷ்காரனின் உச்சரிப்பில் சந்தேகம் எழுகிறது. மலைக்கிராமத்துக்காரன் என்று சொல்லிச் சமாளித்துவிடுகிறான். அப்புறம் மூன்று கிளாஸ் கேட்கும்போது ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களைத் தூக்குகிறான். ஜெர்மன்காரர் கட்டைவிரலில் தொடங்குவார்கள். எதிரில் இருப்பவனின் முகம் மாறுகிறது, கொஞ்ச நேரத்தில் அந்த அறையே பிணக்காடு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மரத்தளத்துக்குக் கீழே இருந்த அந்தக் குடும்பத்தில் தப்பித்த பெண் ஷோஷானாவின் எதிரே, வருஷங்கள் கழித்து, லாண்டா வந்து உட்காருகிறான். அவளுக்கென்று ஒரு டம்ளர் பால் சொல்கிறான். அடையாளம் தெரிந்துதான் சொன்னானா? படம் சொல்வதே இல்லை. ஸ்ட்ரூடல் என்கிற இனிப்புப் பலகாரம் வந்ததும், பொறு, க்ரீம் வரட்டும் என்கிறான். கரண்டியிலிருந்து விழும் அந்த வெள்ளைக் க்ரீமை அத்தனை கிட்டத்தில் காட்டுகிறார் டரான்டினோ. வேறு படத்தில் வாயூறியிருக்கும், இங்கே தொண்டை அடைக்கிறது.

12 மார்ச், புதன்

அம்மாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தது. தம்பி வழக்கம்போல ஆங்கிலத்தில் ஆரம்பித்தான். அம்மா பயப்படுவாள் என்று நாங்கள் எப்போதும் அப்படித்தான். அவள் சோபாவில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியின் வேகம் குறைந்ததை இன்றைக்குத்தான் கவனித்தேன். மரத்தளத்துக்குக் கீழே கிடந்தவர்கள் கண்முன் வந்தார்கள்.

"தமிழ்ல சொல்லுடா" என்றேன்.

"சுகர் ஏறியிருக்கும்மா" என்றான்.

"எவ்வளவு?" என்று கேட்டாள். பேப்பரை அவள் கையிலேயே கொடுத்தேன்.