ஃப்ரிட்ஜுக்காக நாங்க பண்ணின மிமிக்ரி

ராத்திரி எல்லாரும் படுத்தப்புறம்தான் எங்க வீட்டு ஃப்ரிட்ஜுக்கு தொண்டை திறக்கும். எப்பவும் வர்ற ஹம்ம்ம் சத்தம் இல்லீங்க, ஓடுற ஃபேனுக்குள்ள அட்டைய விட்ட மாதிரி ஒரு டர்ர்ர்ர். அப்பா படுத்த வாக்குலயே "கம்ப்ரஸர் அவுட்டு"னு தீர்ப்பு சொல்லிட்டாரு, அவருக்கு எந்த மெஷின் சத்தம் போட்டாலும் ஒன்னு கம்ப்ரஸர், இல்லன்னா பேரிங். அம்மா எலிதான்னு விளக்குமாத்தோட நிக்கிறாங்க. தம்பி மேல இருந்த டப்பாவெல்லாம் இறக்கி, செவுத்த விட்டு தள்ளி வச்சு, கால திருகி லெவல் பாத்து, பின்னாடி தண்ணி ட்ரேய அமுக்கிப் பாத்து, ம்ஹூம், டர்ர்ர் அப்படியேதான் இருக்கு.

இதுல கடுப்பு என்னன்னா கதவைத் தொறந்தா கப்சிப். மூடிட்டு ரெண்டு எட்டு வச்சா திரும்ப ஆரம்பிக்கும்.

காலைல மெக்கானிக்குக்கு போன் போட்டா அவர் கேட்ட மொத கேள்வியே "சத்தம் எப்படி சார் வருது?" அப்பா ஸ்பீக்கர்ல போட்டு, தொண்டைய செருமிட்டு "டர்ர்ர்"ங்கிறாரு. அம்மா "அப்படி இல்லீங்க, கடகடகட"ங்கிறாங்க. தம்பி ரெண்டையும் சேத்து ஒரு வெர்ஷன் குடுத்தான். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்ல, பாவம், போனை தள்ளி வச்சு சிரிச்சிருப்பாருன்னு நினைக்கிறேன்.

அப்புறம் "கதவு தொறந்தா நிக்குதா? அப்போ கம்ப்ரஸர் இல்ல, உள்ள இருக்கிற ஃபேன்"னாரு. ஃப்ராஸ்ட் ஃப்ரீ மாடல், அதான் ஐஸ் தானா கரையுற மாடல், நிறைய இப்படித்தானாம், கதவு தொறந்ததும் ஃபேன் நின்னுடும், கம்ப்ரஸர் அது பாட்டுக்கு ஓடிட்டிருக்கும். கதவு ஓரத்துல லைட்டுக்குன்னு ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும்ல, கதவைத் தொறந்து வச்சுட்டு அத விரலால அமுக்கச் சொன்னாரு. அமுக்கினேன், டர்ர்ர்! கைய எடுத்தேன், நின்னுச்சு. அம்மா விளக்குமாத்த கீழ போட்டாங்க.

ஃப்ரீசர் பின்பக்கம் ஐஸ் கட்டி ஃபேன் இறக்கை அதுல உரசுதாம். கத்தி, ஸ்க்ரூடிரைவர் வச்சு நோண்டக் கூடாது, உள்ள பைப்புல ஓட்டை விழுந்தா கேஸ் போயிடும், அதுவும் இப்ப வர்ற நிறைய ஃப்ரிட்ஜுல இருக்கிற ஆர்600ஏ தீப்பிடிக்கிற கேஸ். அதனால பிளக்க புடுங்கி, கதவ தொறந்து போட்டு, கீழ பழைய துணி விரிச்சு ராத்திரி பூரா அப்படியே விட்டோம். சத்தம் போச்சு.

ஆனா ஐஸ் ஏன் கட்டுச்சு? சேர்ற ஐஸ அப்பப்ப கரைக்கிற டிஃப்ராஸ்ட் ஹீட்டரோ அதோட சென்சாரோ போயிருந்தாலும் கட்டும், கதவு ரப்பர் சரியா ஒட்டாம ஈரக்காத்து உள்ள போனாலும் கட்டும். ஒரு பேப்பர கதவு இடுக்குல வச்சு மூடி இழுத்துப் பாத்தோம், மேல எல்லாம் கெட்டியா புடிக்குது, கீழ் மூலைல வழுக்கிட்டு வருது. ரப்பர் அங்க மடங்கிக் கெடந்துச்சு, வெந்நீர்ல நனைச்ச துணிய வச்சு நீவி விட்டதும் உக்காந்துடுச்சு.

இப்ப பிரச்சனை அப்பாதான். நடுராத்திரி 'டப்'னா "பிளாஸ்டிக் சுருங்குது, தூங்கு"ங்கிறாரு, உஸ்ஸ்னா "ஹீட்டர்ல தண்ணி சொட்டுது, நல்லதுதான்". போன வாரம் பக்கத்து வீட்டுக்கு துக்கம் விசாரிக்கப் போன இடத்துல அவங்க ஃப்ரிட்ஜ் பக்கத்துல போய் காத வச்சு, "டிக்குனு கேக்குது, கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது, ரிலேவ பாக்கச் சொல்லுங்க"னு சொல்லிட்டு வந்திருக்காரு.