தேதி தெரியாத தேர்தலுக்கு டிக்கெட் போடுவது எப்படி: நியூ ஹாம்ப்ஷயர் பிரைமரிப் பயணம்

அமெரிக்க அதிபர் தேர்தலுக்குக் கட்சிகளின் வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் மாநிலத் தேர்தல்தான் பிரைமரி. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் பிரைமரியை நேரில் பார்க்கக் கிளம்புகிறவர்களின் பர்ஸைப் பதம் பார்ப்பது பனிக்கோட்டும் இல்லை, ஹோட்டல் வாடகையும் இல்லை. தேதிதான்! 2024இல் ஓட்டுப்பதிவு ஜனவரி 23. அந்தத் தேதியை அறிவித்தது 2023 நவம்பர் 15. நடுவில் பத்து வாரம்கூட இல்லை. 2008 இன்னும் மோசம்: நவம்பர் 21இல் அறிவித்து, ஜனவரி 8இல் தேர்தலையே முடித்துவிட்டார்கள். கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கூட்டத்துக்கு நடுவே சென்னையிலிருந்து பாஸ்டனுக்கு டிக்கெட் தேடினால் என்ன விலை சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

இந்த இழுபறிக்குக் காரணம் 1975இல் வந்த ஒரு மாநிலச் சட்டம். இதே மாதிரியான தேர்தல் வேறு எந்த மாநிலத்தில் நடந்தாலும், அதற்குக் குறைந்தது 7 நாள் முன்னதாக நியூ ஹாம்ப்ஷயர் ஓட்டுப் போட்டுவிட வேண்டும் என்கிறது அது. தேதி குறிக்கும் அதிகாரம் மாநிலச் செயலர் ஒருவர் கையில். 1976 முதல் 2022 வரை அந்த நாற்காலியில் இருந்தவர் பில் கார்ட்னர். மற்ற மாநிலங்கள் தேதியைக் குறிக்கும்வரை வாய் திறக்காமல் காத்திருந்து, கடைசியில் ஒரு தாண்டு தாண்டுவது அவர் வழக்கம். 1968இல் மார்ச் 12ஆக இருந்த பிரைமரி, சட்டம் வந்ததும் 1976இல் பிப்ரவரி 24க்கு வந்தது. அவர் காலத்தில் 2000இல் பிப்ரவரி 1, 2008இல் ஜனவரி 8 என்று இன்னும் முன்னால் நகர்ந்துகொண்டே போனது. ஐயோவா மாநிலத்தின் சட்டமோ எல்லோருக்கும் 8 நாள் முன்னால் தன் காக்கஸ், அதாவது வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சிக் கூட்டம், நடக்க வேண்டும் என்கிறது. காக்கஸ் என்பது பிரைமரி மாதிரியான தேர்தல் இல்லை என்று கணக்கு வைத்து இரண்டு மாநிலமும் பல காலம் சண்டையில்லாமல் ஓட்டின.

ஆகவே, ஓட்டுப்பதிவு செவ்வாய்க்கிழமை என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் மூன்று செவ்வாய்களுக்கு அறை போட்டு வைத்து, அறிவிப்பு வந்ததும் இரண்டை ரத்து செய்யுங்கள். மான்செஸ்டர் நகர மையத்து ஹோட்டல்களை டிவிக்காரர்களும் பிரசாரக் குழுக்களும் வளைத்துவிடுவார்கள். நாஷுவாவிலோ கான்கார்டிலோ தங்கினால் போதும், இரண்டும் அரை மணி நேரத் தூரம்தான்.

இவ்வளவு பிடிவாதமாகக் காக்கும் இந்த முதலிடம், சிக்கனத்தில் பிறந்தது. அங்கே ஊர்க்கூட்டம் மார்ச் இரண்டாவது செவ்வாயில் நடக்கும். தேர்தலுக்கு என்று தனியாக இன்னொரு நாள் மண்டபத்தைத் திறந்து விறகு எரித்துச் சூடாக்க வேண்டாமே என்று இரண்டையும் ஒரே நாளில் வைத்தார்கள். 1916இல் முதல் பிரைமரி நடந்தபோது இண்டியானா ஒரு வாரம் முந்தியிருந்தது. இண்டியானா பிறகு தேதியைத் தள்ளிப்போட்டது. அதனால் 1920இல் முதலிடம் தானாக வந்து விழுந்தது. வேட்பாளர் பெயரே ஓட்டுச்சீட்டில் நேரடியாக ஏறியது 1952இல்தான். அந்த வருஷமே குடியரசுக் கட்சியில் ஐசனோவர் டாஃப்டை வென்றார், ஜனநாயகக் கட்சியில் பதவியில் இருந்த அதிபர் ட்ரூமனைக் கெஃபாவர் தோற்கடித்தார். 1968இல் அதிபர் ஜான்சன் தோற்கக்கூட இல்லை. மெக்கார்த்தி 42 சதவீதம் வாங்கியதே போதுமானதாக இருந்தது. அதே மாதம் 31ஆம் தேதி ஜான்சன் போட்டியிலிருந்து விலகினார்.

போய்ச் சேரும் வழிக்கு வருவோம். பாஸ்டனிலிருந்து மான்செஸ்டருக்கோ கான்கார்டுக்கோ ரயில் கிடையாது. லோகன் விமான நிலையத்திலிருந்து கான்கார்டுக்கு நேர் பஸ் உண்டு. டாக்சி எடுத்தீர்களானால் பட்ஜெட் அங்கேயே முடிந்துவிடும், 85 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். இரண்டு பேருக்கு மேல் போனால் வாடகைக் கார்தான் லாபம். ஐ-93 சாலையில் ஹுக்செட்டில் ஒரு டாலர் சுங்கம். நியூ ஹாம்ப்ஷயரில் விற்பனை வரி இல்லை என்று கேள்விப்பட்டுச் சந்தோஷப்படுகிறவர்கள் கவனிக்க: சாப்பாடு, அறை, வாடகைக் கார் மூன்றுக்கும் 8.5 சதவீத வரி உண்டு. டிப்ஸ் 18 முதல் 20 சதவீதம். இந்த இரண்டையும் சேர்க்காமல் போட்ட பட்ஜெட் மூன்றாம் நாளே கிழியும்.

மான்செஸ்டரில் லோவல் தெருவில் ரெட் ஏரோ டைனர் இருக்கிறது, 1922இலிருந்து. வேட்பாளர்கள் கட்டாயம் எட்டிப்பார்க்கும் இடம். பிரபலங்கள் உட்கார்ந்த இடத்தில் சின்னப் பெயர்த்தகடு பதித்திருப்பார்கள். சைவக்காரர்கள் பான்கேக், கிரில்டு சீஸ், உருளைக்கிழங்கு வறுவல் என்று நிம்மதியாகச் சாப்பிடலாம். ஆனால் பூட்டீன் கேட்கும்போது ஜாக்கிரதை! பஞ்சாலை வேலைக்கு வந்த பிரெஞ்சுக் கனடியர்களால் இந்த ஊரில் வேரூன்றிய பண்டம் அது. உருளை வறுவலும் சீஸ் கட்டிகளும் பார்க்கச் சைவமாகத் தெரியும். மேலே ஊற்றும் குழம்பு பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் செய்தது. பான்கேக்குக்கு அசல் மேப்பிள் பாகுதானா, அதற்குத் தனிக் காசா என்று முன்கூட்டியே கேளுங்கள். அசல் என்றால் காசு கொடுத்தே வாங்குங்கள். மார்ச் வரை அதன் ருசி நாக்கில் நிற்கும்.

வேட்பாளர் கூட்டங்கள் பெரும்பாலும் இலவசம். பிரசார இணையதளத்தில் பெயர், மின்னஞ்சல் கொடுத்துப் பதிந்தால் போதும். கதவு திறக்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய் நில்லுங்கள். அதிபரையும் முக்கிய வேட்பாளர்களையும் காக்கும் ரகசியப் பாதுகாப்புப் படை (சீக்ரெட் சர்வீஸ்) வருகிற கூட்டம் என்றால் பெரிய பையை உள்ளே விடமாட்டார்கள். வரிசை வெளியே பனியில் நிற்கும், தடித்த காலுறை இரண்டு போடுங்கள். இருநூறு பேர் கூடும் மண்டபத்தில் அமெரிக்க அதிபர் ஆகப் போகிறவர் பத்தடி தூரத்தில் நிற்பார். கை தூக்கினால் கேள்வி கேட்கலாம். கலிஃபோர்னியாவிலோ டெக்சஸிலோ இது நடக்கவே நடக்காது.

நம்மவர்கள் தெரியாமல் தப்புச் செய்கிற இடம் ஒன்று உண்டு. பிரசாரக் குழு விற்கும் டி-சட்டை, தொப்பி வாங்குவது சட்டப்படி நன்கொடை. கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவர் நன்கொடை கொடுக்கத் தடை. சுற்றுலா விசாவும் எச்-1பியும் இதில் ஒன்றே. சட்டையில் குத்திக்கொள்ள இலவசமாகத் தரும் பிரசார பட்டனை வாங்கிக்கொள்ளலாம், கடையில் நினைவுப்பொருளாக விற்பதை வாங்கலாம். பிரசார மேசையில் மட்டும் பர்ஸைத் திறக்காதீர்கள்.

மாநிலத் தலைநகர் கான்கார்ட் போனால் மாநில அவைக் கட்டடத்தைப் பாருங்கள். கட்டி முடித்தது 1819. கீழவையில் மட்டும் 400 உறுப்பினர்கள், சம்பளம் வருஷத்துக்கு 100 டாலர். இரண்டாம் மாடியில் அறை எண் 204, மாநிலச் செயலர் அலுவலகம். அதிபர் வேட்பாளர் யாராக இருந்தாலும் 1,000 டாலர் கட்டினால் ஓட்டுச்சீட்டில் பெயர் வந்துவிடும். கையெழுத்து வேட்டை தேவையில்லை. 2024இல் குடியரசுக் கட்சிச் சீட்டில் 24 பெயர், ஜனநாயகக் கட்சிச் சீட்டில் 21 பெயர்.

அந்த 21இல் பைடன் பெயர் இல்லை. 2023 பிப்ரவரியில் ஜனநாயகக் கட்சித் தேசியக் குழு தென் கரோலினாவை முதலிடத்தில் வைத்து, நியூ ஹாம்ப்ஷயரையும் நெவாடாவையும் 2024 பிப்ரவரி 6க்குத் தள்ளியது. நியூ ஹாம்ப்ஷயர் தன் சட்டத்தைக் காட்டி மறுத்தது. வாக்காளர்கள் கையால் பெயரெழுதியே பைடனை ஜெயிக்க வைத்தார்கள். எழுதிய சீட்டுகளை மனிதர்கள் ஒவ்வொன்றாகப் படித்து எண்ண வேண்டும், அதனால் முடிவு தாமதமாகும்.

யார் முதலில் ஓட்டுப் போட வேண்டும்? ஐயோவா காக்கஸ் வேண்டவே வேண்டாம். இரவு ஏழு மணிக்கு நேரில் வந்தாக வேண்டும். அந்நேரம் ஷிஃப்டில் நிற்கும் நர்ஸுக்கும் தொழிலாளிக்கும் அங்கே குரல் இல்லை. 2012இல் குடியரசுக் கட்சிக் காக்கஸில் ராம்னி 8 ஓட்டில் முன்னிலை என்றார்கள், இரண்டு வாரம் கழித்து சான்டோரம் 34 ஓட்டில் முன்னால் என்றார்கள், 8 சாவடிகளின் கணக்குக் கிடைக்கவே இல்லை. 2020இல் ஜனநாயகக் கட்சியின் ஒவ்வொரு சாவடியும் மூன்று எண்களை அனுப்ப வேண்டியிருந்தது: 15 சதவீத ஆதரவு வரம்பைத் தொடாத வேட்பாளரின் ஆட்கள் அணி மாறும் முன் எத்தனை பேர், அணி மாறிய பின் எத்தனை பேர், வேட்பாளருக்குக் கிடைத்த பிரதிநிதிகள் எத்தனை. சரியாகச் சோதிக்காத செயலி கவிழ்ந்தது. மாற்றாக வைத்த தொலைபேசி எண்ணும் திணறியது. 2024இல் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்து விவேக் ராமசாமி ஐயோவாவின் 99 கவுண்டிகளையும் (மாவட்டங்களையும்) சுற்றி வந்தும் நான்காம் இடம்தான். சுற்றியது தப்பில்லை, கேட்பதற்கு வந்த கூட்டம் வேறு, அந்தக் குளிர் இரவில் காக்கஸுக்கு வந்த கூட்டம் வேறு.

நியூ ஹாம்ப்ஷயரில் அரசே நடத்தும் தேர்தல், காகிதச் சீட்டு, நாள் முழுக்க ஓட்டுப்பதிவு. கட்சி சேராதவரும் அன்று ஒரு கட்சியின் சீட்டை வாங்கி ஓட்டுப் போட்டு, வெளியேறும் முன் ஒரு படிவம் நிரப்பிக் கட்சி சேராதவராகவே திரும்பிவிடலாம். குறை பெரியது: மக்கள்தொகையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் வெள்ளையர். 2020இல் இங்கே ஐந்தாம் இடம் வந்த பைடன், கறுப்பின வாக்காளர்கள் நிறைந்த தென் கரோலினாவில் ஜெயித்து வேட்பாளரே ஆனார். அதற்காகத் தென் கரோலினாவைத் தனியாக முதலில் வைப்பதும் சரியில்லை, ஜெயித்தவர் தனக்குக் கைகொடுத்த ஊருக்கு மாலை போடுவது போல ஆகிவிடும். நியூ ஹாம்ப்ஷயரும் நெவாடாவும் ஒரே செவ்வாயில் ஓட்டுப் போடட்டும். லாஸ் வேகஸின் ஹோட்டல் தொழிலாளர்களும் லத்தினோக்களும் முதல் நாளிலேயே பேசட்டும். அந்த 7 நாள் சட்டத்தை நியூ ஹாம்ப்ஷயர் தளர்த்த வேண்டும்.

டிக்ஸ்வில் நாட்ச் போகலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். 1960 முதல் நள்ளிரவில் ஓட்டுப் போடும் ஊர். பதிவான எல்லோரும் போட்டுவிட்டால் உடனே சாவடியை மூடி எண்ணலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. 2024இல் மொத்தம் 6 ஓட்டு, ஆறும் நிக்கி ஹேலிக்கு. சில நிமிடக் காட்சிக்காகக் கான்கார்டிலிருந்து மூன்று மணி நேரம் பனிச்சாலை. ஐ-93இல் வெளியேறும் வழி 35, பிறகு யூ.எஸ். 3 வழியே கோல்புரூக், அங்கிருந்து 26ஆம் எண் சாலையில் 16 கிலோமீட்டர். ஃபிரான்கோனியா கணவாயில் நெடுஞ்சாலையே பக்கத்துக்கு ஒற்றைத் தடமாகச் சுருங்கும். மூஸ் மான் இருட்டில் தெரியாது. நிறம் கறுப்பு, கண் உயரமோ ஹெட்லைட்டுக்கு மேலே. பழைய பால்சம்ஸ் விடுதி 2011இலேயே மூடிவிட்டது, படுக்க இடம் வேண்டுமென்றால் கோல்புரூக்தான். வடக்கே போன் சிக்னல் விட்டுவிட்டு வரும், வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக் காரும் பனி டயரும் இல்லாதவர்கள் இதை விட்டுவிடலாம், எந்த நஷ்டமும் இல்லை.

அதைவிட நல்ல காட்சி செவ்வாய் மாலையில், இயந்திரம் வாங்காத ஏதாவது ஒரு சின்ன ஊரின் மண்டபத்தில் கிடைக்கும். சாவடிகள் குறைந்தது மாலை 7 மணி வரை திறந்திருக்கும். வாக்காளர் பகுதியைப் பிரிக்கும் தடுப்புக்கு வெளியே யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். கட்சிச் சின்னம் உள்ள பட்டனைக் கழற்றிவிட்டுப் போங்கள், போனை எடுக்கும் முன் ஊர் மாடரேட்டரிடம், அதாவது அங்கே தேர்தலை நடத்தும் அதிகாரியிடம், கேளுங்கள். மூடிய பிறகு பெட்டியைக் கவிழ்த்து, சீட்டுகளை மேசையில் அடுக்கி, ஒருவர் படிக்க இன்னொருவர் கோடு போடுவார்கள். கணக்கு ஒத்துவரவில்லை என்றால் அந்த அடுக்கை முதலிலிருந்து எண்ணுவார்கள். கடைசியில் மாடரேட்டர் எழுந்து நின்று எண்களை உரக்கப் படிப்பார்.