பென்சில் குறி இல்லாத தாள்கள்

சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் நூலகர் என்று ஒரு வேலை இருப்பது ரசிகர்கள் பலருக்குத் தெரியாது. மேடையில் ஒவ்வொரு ஸ்டாண்டிலும் சரியான இசைக்குறிப்புத் தாள், சரியான வரிசையில், சரியான குறிகளோடு இருக்க வேண்டும். அதுதான் என் வேலை. எந்த வாத்தியமும் வாசிப்பதில்லை. ஆனால் வாசிப்பவர்கள் எல்லாருடைய தாளும் என் கை வழியாகத்தான் மேடைக்குப் போகிறது.

புது சீசனின் பட்டியல் கைக்கு வந்ததும் நான் முதலில் தேடுவது இசையமைப்பாளர் இறந்த ஆண்டை. கொஞ்சம் அபசகுனமான பழக்கம்தான், என்ன செய்ய? பல நாடுகளில் ஒருவர் இறந்து 70 ஆண்டு வரை அவருடைய படைப்புக்குக் காப்புரிமை இருக்கிறது. பீத்தோவன், பிராம்ஸ் என்றால் தாள்கள் எங்கள் அலமாரியிலேயே தூங்கும். 1975-இல் இறந்த ஷோஸ்டகோவிச் என்றால் பெரும்பாலும் பதிப்பகத்திடம் வாடகைக்கு எடுக்க வேண்டும். உயிரோடு இருப்பவர் என்றால் கேட்கவே வேண்டாம், வாடகைதான். சில சமயம் அவர் இன்னும் எழுதி முடித்தே இருக்க மாட்டார்.

பட்டியலின் அமைப்பு அநேகமாக ஒரே மாதிரி இருக்கும். முதலில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு புதுப் படைப்பு, அப்புறம் பெயர் பெற்ற சோலோயிஸ்ட் (தனி வாசிப்பாளர்) முன்னின்று குழுவோடு வாசிக்கும் ஒரு கான்செர்ட்டோ, இடைவேளை, கடைசியில் எல்லாருக்கும் பிடித்த சிம்பொனி. புதியதைக் கடைசியில் வைத்தால் பாதி அரங்கம் இடைவேளையிலேயே கிளம்பிவிடுமோ என்ற பயம். முதலில் வைத்தால் தாமதமாக வருகிறவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் நிர்வாகம் ஒவ்வொரு ஆண்டும் மண்டையை உடைத்துக்கொள்கிறது.

எனக்கு வேறு கவலை. பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனிக்கு எங்களிடம் இருக்கும், டிராம்போன் என்ற பித்தளை ஊதுவாத்தியத்தின் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று பகுதிகளில் டிராம்போனுக்கு வேலையே இல்லை, நான்காவதில்தான் வருகிறது. மூன்றாவதிலிருந்து நான்காவதுக்கு நிறுத்தாமல் போய்விடுவதால், கண்ணயர்ந்தவர் பாடு திண்டாட்டம். யாரோ ஒரு பழைய வாசிப்பாளர் அந்த இடத்துக்குச் சற்று முன்னால், ‘டிம்பனி மெதுவாகத் தட்ட ஆரம்பித்துவிட்டது, எடு’ என்று எழுதி வைத்திருக்கிறார். டிம்பனி என்பது பெரிய கிண்ண வடிவ முரசு. வயலின் தாள்களில் ஆபத்தான இடங்களில் சின்னதாக ஒரு மூக்குக்கண்ணாடி வரைந்திருக்கும். நடத்துநரை, அதாவது முன்னால் நின்று கையசைத்துக் குழுவை நடத்துபவரைப் பார் என்று அர்த்தம். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் தேதிகள், கூடவே எத்தனை நிமிடம் ஓடியது என்ற கணக்கு. ஒரு நடத்துநருக்கு 31, இன்னொருவருக்கு 35. எழுதியவர்களில் பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். அவர்கள் பட்ட அடியெல்லாம் பென்சிலில் இருக்கிறது. புதிதாகச் சேரும் பையன் முதல் ஒத்திகையிலேயே அதை வாங்கிக்கொள்கிறான்.

புதுப் படைப்பின் தாள் பளபளவென்று வெள்ளையாக வரும். வந்ததும் நான் பார்ப்பது பக்கம் திருப்பும் இடங்களை. கம்ப்யூட்டர் திரையில் எழுதுகிறவருக்கு, கிளாரினெட் வாசிப்பவரின் இரண்டு கையும் வாத்தியத்தில் இருக்கும் என்பது சில நேரம் மறந்துவிடுகிறது. வலது பக்கத்தின் அடியில் ஓய்வு இல்லாமல், ஓடிக்கொண்டிருக்கும் வரி பாதியில் வெட்டுப்பட்டு மறுபக்கம் தொடரும். அதை நகலெடுத்து, ஒட்டி, மடித்து வைக்கும் பக்கமாக மாற்றுவதிலேயே ஒரு பகல் போய்விடும். அப்புறம் வில் குறிகள். முதல் வயலின் குழுவின் தலைவர் எங்கே வில் கீழே, எங்கே மேலே என்று தீர்மானித்துத் தருவார். 16 முதல் வயலின்கள் என்றால் ஸ்டாண்டுக்கு இரண்டு பேராக எட்டுத் தாளிலும் அதை ஏற்ற வேண்டும். பிராம்ஸுக்கு இந்த வேலை என்றோ முடிந்துவிட்டது. புதியதற்கு முதல் ஒத்திகை முடிந்ததும், “இது சரிப்படாது, மாற்றிவிடலாம்” என்பார். அழித்து, மறுபடி எட்டுத் தாள்.

ஒத்திகை நேரத்தில் பெரும்பகுதியைப் புதியதுதான் சாப்பிடும். பழையதை இவர்கள் தூக்கத்திலும் வாசிப்பார்கள் என்ற நம்பிக்கை. தூக்கத்தில் வாசித்த மாதிரியே ஒலிக்கும் நாட்களும் உண்டு. புதியதில் ஏழும் ஐந்துமாகத் தாளம் எண்ணி எண்ணிக் காது விழித்த பிறகு அதே பிராம்ஸை எடுத்தால் உட்குரல்கள், அதாவது மேல் மெட்டுக்கும் அடிநாதத்துக்கும் நடுவில் ஓடும் வரிகள், எல்லாம் தெளிந்து கேட்கும். கலந்து வைப்பதில் பழையதற்குத்தான் லாபம் அதிகம் என்பேன்.

தாளில் இருக்கும் பிழைகள் வாசித்து வாசித்துத்தான் வெளியே வரும். அதற்கு ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக்கின் ‘ஆர்கெஸ்ட்ராவுக்கான கான்செர்ட்டோ’வைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1944 டிசம்பரில் பாஸ்டனில் அரங்கேறியது. சீக்கிரமே உலகமெங்கும் வாசிக்கப்பட்டது. அதன் இரண்டாம் பகுதிக்கு அச்சான ஸ்கோரில் (எல்லா வாத்தியங்களின் வரிகளும் சேர்ந்திருக்கும் நடத்துநரின் பிரதி) நிமிடத்துக்கு 74 தட்டு என்ற வேகம் போட்டிருந்தது. 1980 வாக்கில் நடத்துநர் ஷோல்டி சிகாகோவில் ஒலிப்பதிவுக்காக ஒத்திகை பார்த்தபோது, அந்தப் பகுதியைத் தனியாகத் தொடங்கிவைக்கும் சைடு டிரம் வாசிப்பாளர் இடைவேளையில் வந்து, தன் தாளில் 94 என்று இருப்பதாகச் சொன்னார். வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்திலிருந்து கையெழுத்துப் பிரதியின் பக்கத்தை வரவழைத்துப் பார்த்தால், 94 தான். முப்பது ஆண்டுக்கு மேல் ஸ்கோர் தவறு, டிரம் தாள் சரி! இதைப் படித்ததிலிருந்து தாள வாத்தியக்காரர்கள் வந்து முணுமுணுத்தால் நான் உட்கார்ந்து கேட்கிறேன்.

பார்டோக்குக்கு அந்த முப்பது ஆண்டு கிடைத்தது. இன்றைய புதுப் படைப்புக்குப் பல நேரம் ஒரு வாரம்தான். ‘உலக அரங்கேற்றம்’ என்று போஸ்டர் அடிக்க எல்லாருக்கும் ஆசை. இரண்டாவது முறை வாசிக்க யாரும் போட்டி போடுவதில்லை. 1808 டிசம்பரில் வியன்னாவில் ஐந்தாம் சிம்பொனி முதலில் ஒலித்த மாலையும் பிரமாதமாக இல்லை: குளிரும் அரங்கம், நாலு மணி நேரக் கச்சேரி, போதாத ஒத்திகை, ஒரு படைப்பு பாதியில் குலைந்து மறுபடி தொடங்க வேண்டிய நிலை. அந்த ஒரு மாலையோடு மூட்டை கட்டியிருந்தால் இன்று என் அலமாரியில் அந்தத் தாள் இருக்காது. ஹான்ஸ் ஃபான் பியூலோ என்ற நடத்துநர் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியை ஒரே கச்சேரியில் இரண்டு முறை வாசித்துக் காட்டியிருக்கிறார். பத்து நிமிடப் புதுப் படைப்புக்கு அதைச் செய்ய என்ன தடை என்று கூட்டங்களில் கேட்டுப் பார்த்துவிட்டேன். சிரிக்கிறார்கள்.

கச்சேரி முடிந்ததும் வாடகைத் தாள்களைத் திருப்பி அனுப்ப வேண்டும். எழுதியதை அழித்துத் தரச் சொல்லும் பதிப்பகங்கள் உண்டு. வில் குறி, மூக்குக்கண்ணாடி, ‘இங்கே ஹார்னைக் கேள்’ எல்லாவற்றையும் ரப்பர் வைத்துத் தேய்க்க வேண்டியதுதான். அடுத்து வாடகைக்கு எடுக்கும் குழு, நாங்கள் தடுக்கி விழுந்த அதே இடத்தில் விழும்.

இந்த முறை, போன சீசனில் வாசித்த ஒன்றை மறுபடி பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள், இடைவேளைக்குப் பிறகு. அந்தத் தாள்களை அனுப்பும்போதே, நகலெடுத்து வைக்க அனுமதி இல்லாததால், வில் குறிகளையும் பிழைப் பட்டியலையும் தனியாக ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். பதிப்பகத்துக்கும் எழுதியிருக்கிறேன்: அதே செட்டை அனுப்புங்கள், டிம்பனித் தாளை மட்டும் திருத்தி அச்சடித்து அனுப்புங்கள் என்று. பதில் வரவில்லை. திங்கட்கிழமை போன் செய்ய வேண்டும்.