பழைய பெட்ரோலும் ஸ்லோ ஜெட்டும்: 97 மாடல் மாருதி 800

சோக்கை (குளிர்ந்த என்ஜினுக்குப் பெட்ரோல் விகிதத்தைக் கூட்டும் இழுப்பு) முழுவதும் உள்ளே தள்ளிய பிறகும் என்ஜின் அணையவில்லை. ஸ்லோவில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோதும், நிதானமாக ஓடிக்கொண்டே இருக்கிறது. கார்புரேட்டரை மாற்றாமல் இந்த வண்டி இனி ஸ்லோவில் ஓடாது என்று சொன்ன மெக்கானிக்குகள் எல்லோரும் வந்து பார்க்கலாம். அதே பழைய கார்புரேட்டர்தான்.

மைத்துனர் 2022 இறுதியில் துபாய் போகும்போது எங்கள் தாம்பரம் வீட்டு ஷெட்டில் விட்டுச் சென்ற வண்டி இது. டாங்க் கிட்டத்தட்ட பாதி நிரம்பியிருந்தது. அதன்பிறகு யாரும் சாவியைத் தொடவில்லை. பேட்டரி, பிரேக், டயர் வேலைகளைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. நின்றுபோன வண்டியை எழுப்பிய எவருக்கும் அவை தெரிந்தவைதான். பெட்ரோல் விஷயத்தை மட்டும் எழுதுகிறேன்.

டாங்கிலிருந்து கைப்பம்பால் வெளியே எடுத்தேன். குழாயை வாயில் வைத்து உறிஞ்சும் பழக்கம் இன்னும் பல ஒர்க்‌ஷாப்புகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்; நுரையீரலுக்குள் ஒரு மடக்கு போனாலும் ஆபத்து. வந்த பெட்ரோல் கருந்தேன் நிறத்தில் இருந்தது. பெட்ரோலின் சுரீர் வாசனை போய் வார்னிஷ் வாசனை ஏறியிருந்தது. குளிர்ந்த என்ஜின் பற்றிக்கொள்ள உதவும் இலேசான பாகங்கள்தான் முதலில் ஆவியாகின்றன. மிஞ்சியது காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து மெல்ல மெல்லப் பிசினாகிறது.

கண்ணாடி ஜாடியில் ஊற்றி அசையாமல் வைத்தபோது அடியில் மங்கலாக ஓர் அடுக்கு தனியே பிரிந்து நின்றது. நீரும் எத்தனாலும் சேர்ந்த அடுக்கு அது. 2022 ஜூனிலேயே நாட்டில் பெட்ரோலில் பத்து சதவீத எத்தனால் கலப்பு எட்டப்பட்டுவிட்டது. ஆக, நிறுத்திய நாளில் டாங்கில் இருந்தது பெரும்பாலும் அந்தப் பத்து சதவீதக் கலப்பான இ10. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஓர் அளவுக்கு மேல் நீர் சேர்ந்தால் பெட்ரோலை விட்டுவிட்டு நீரோடு போய் அடியில் உட்கார்ந்துவிடும். மேலே நிற்கும் பெட்ரோலின் ஆக்டேனும் (என்ஜினில் தட்டாமல் எரியும் திறன்) அதனால் இறங்கிவிடும். புதிய பெட்ரோலைக் கலந்து ஓட்டித் தீர்த்துவிடலாமே என்று கேட்பவர்களுக்கு: அடியில் அடுக்கு பிரிந்திருந்தால் அந்தப் பேச்சே வேண்டாம். குழாய் டாங்கின் அடியிலிருந்துதான் உறிஞ்சுகிறது. எடுத்ததை மூடிய உலோக கேனில், கழிவு எண்ணெயை உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படைக்கும் ஒரு சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். மழைநீர்க் கால்வாயில் ஊற்றுபவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

எல்லோரும் டாங்கைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். என் அனுபவத்தில் டாங்கில் இருக்கும் லிட்டர் கணக்கான பெட்ரோலைவிடக் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃப்ளோட் கிண்ணத்தில் தங்கிய கொஞ்சம்தான் பெரிய எதிரி. கிண்ணம் காற்றுக்குத் திறந்தே இருக்கிறது. அதிலிருப்பது சீக்கிரமே முழுக்க உலர்ந்து, கரைந்திருந்த பிசின் எல்லாவற்றையும் ஜெட்டுகளில் (பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையுள்ள பித்தளைத் துண்டுகள்) விட்டுவிட்டுப் போகிறது. புதுப் பெட்ரோல் ஊற்றியதும் வண்டி ஸ்டார்ட் ஆனது. சோக்கை இழுத்தால் ஓடும், உள்ளே தள்ளினால் செத்துவிடும். மெயின் ஜெட் சரி, ஸ்லோவுக்குப் பெட்ரோல் தரும் ஸ்லோ சர்க்யூட்டில்தான் அடைப்பு என்று இதைவிடத் தெளிவாக வண்டி சொல்ல முடியாது. ஆனாலும் மெக்கானிக்குகள் சொலினாய்டை (ஸ்லோ வழியைத் திறந்து மூடும் மின்வால்வு) மாற்றச் சொன்னார்கள். சாவியைத் திருப்பினால் அது ‘டிக்’ என்று ஒலி கொடுத்தது. கழற்றி நேரடியாக மின்சாரம் கொடுத்தபோது ஊசியும் உள்ளே போனது. அதன் மேல் பழி போட எந்தக் காரணமும் இல்லை.

இனி ஸ்லோ ஜெட். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் துளையே தெரியவில்லை. இதில் இரும்புக் கம்பியை விடாதீர்கள். பித்தளை தேய்ந்து துளை பெரிதானால் கலவை என்றென்றைக்கும் கெட்டுவிடும். ஃப்ளெக்ஸிபிள் ஒயரைச் சீவி, உள்ளே இருக்கும் ஒற்றைச் செப்பு இழையை எடுத்துக்கொள்ளுங்கள். செம்பு பித்தளையைவிட மென்மையானது. அதற்கு முன் ஒரு முழு இரவு கார்புரேட்டர் கிளீனரில் ஊற வேண்டும். பிசின் இளகாமல் இழை போகாது. ரப்பர் வளையம், டயாஃப்ரம் (மெல்லிய ரப்பர் சவ்வு) எல்லாவற்றையும் முன்பே கழற்றிவிடுங்கள், கிளீனர் அவற்றை உப்ப வைத்துவிடும்.

ஜெட் வட்டமாக வெளிச்சம் காட்டியது. மாட்டினேன். அப்போதும் ஸ்லோவில் என்ஜின் அணைந்துவிட்டது! பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் கைவிட்டுப் புதுக் கார்புரேட்டர் வாங்குகிறார்கள். அடைப்பு ஜெட்டோடு முடியவில்லை. ஜெட்டிலிருந்து த்ராட்டில் தகடு (ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திறக்கும் தகடு) வரை கார்புரேட்டரின் உடலுக்குள் ஓடும் மெல்லிய வழியிலும் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி: ஜெட்டைக் கழற்றிவிட்டு அதன் துளைக்குள் ஸ்ப்ரேயின் மெல்லிய குழாயைச் செருகி அடித்து, மறுமுனையில் எங்கே பீறிடுகிறது என்று பார்ப்பது. கலவைத் திருகின் (ஸ்லோவுக்கான பெட்ரோல் கலவையைக் கூட்டிக் குறைப்பது) துளையிலும் வர வேண்டும், த்ராட்டில் தகட்டின் விளிம்பருகே இருக்கும் சிறு துளைகளிலும் வர வேண்டும். எனக்கு அந்தச் சிறு துளைகளில் மட்டும் வந்தது. திருகின் பக்கம் ஒரு சொட்டு இல்லை. (திருகைக் கழற்றும் முன் உள்ளே இறுக்கி, எத்தனை சுற்று என்று குறித்துக்கொள்ளுங்கள்.) திருகின் துளை வழியாகவே கிளீனரை நிரப்பி ஊறவிட்டு, கம்ப்ரசர் காற்றைத் திருகின் பக்கத்திலிருந்து ஜெட்டை நோக்கி, அதாவது பெட்ரோல் போகும் திசைக்கு எதிராக அடித்தேன். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இதைச் செய்யக் கூடாது. மீண்டும் ஊறல், மீண்டும் காற்று. கடைசியில் பழுப்பாக ஒரு துணுக்கு தெறித்து விழுந்தது. அதற்குப் பிறகு அடித்த ஸ்ப்ரே இரண்டு பக்கமும் பீறிட்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சக கார்புரேட்டர் பைத்தியங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

திருகைக் குறித்த அளவுக்கே வைத்தால் ஸ்லோ நடுங்கியது. கூடுதலாகக் கால் சுற்று திறந்ததும் அடங்கியது. காரணம், இப்போது பங்கில் கிடைப்பது இருபது சதவீத எத்தனால் கலந்த இ20. அதில் ஆக்ஸிஜன் அதிகம், அதனால் எரிபொருளும் சற்றுக் கூடுதலாக வேண்டும். பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ வண்டியில் அந்தக் கம்ப்யூட்டரே ஈடுசெய்யும், நம் கார்புரேட்டரில் திருகைத் திருப்பும் கைதான் ஈடுசெய்ய வேண்டும். கலப்பைச் சோதிக்க விரும்பினால் அளவுக் குடுவையில் 50 மில்லி பெட்ரோலும் 50 மில்லி நீரும் ஊற்றிக் குலுக்கி நிறுத்துங்கள். எத்தனால் நீரோடு சேர்ந்துவிடும். கீழ்ப்பகுதி 60 அருகே நின்றால் இ20.

ரப்பர் ஹோஸ்களைச் சும்மா விடாதீர்கள். பழையவை விரலால் அழுத்தியதும் வெடிப்பு காட்டின. எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸ் எத்தனாலைத் தாங்கும், சென்னையில் கார் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் விசாரித்தால் மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிறார்கள். கார்புரேட்டர் கிட் வாங்கியதில்தான் வயிற்றெரிச்சல். ஒரு கடையில் தந்த கேஸ்கெட்டில் இரண்டு துளைகள் பொருந்தவே இல்லை, திருப்பி எடுக்கவும் மறுத்துவிட்டார்கள். பழைய கேஸ்கெட்டைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் ஒரு பழைய கார்புரேட்டர் உடலும் பார்த்து வைத்திருக்கிறேன், உதிரிக்கு உதவும்.

பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் என்ஜின் ஆயிலில் இறங்கும் என்பதால் டிப்ஸ்டிக்கை முகர்ந்து பார்த்தேன், வாசனை இல்லை. டாங்கின் உள்ளே டார்ச் அடித்தால் மேல்பகுதியில் துரு தெரிகிறது. மழைக்காலம் முடிந்ததும் இறக்கிச் சிட்ரிக் அமிலத்தில் கழுவ உத்தேசம்; இப்போது கழுவினால் உலர்வதற்குள் மறுபடி துரு பிடிக்கும். அதுவரை தெளிவான ஃபில்டர் ஒன்றைப் போட்டு வைத்திருக்கிறேன், துணுக்கு வந்தால் கண்ணுக்குத் தெரியும்.

ஒரு குறை பாக்கி. ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் ஒரு நொடி தயங்குகிறது. ஆக்ஸிலரேட்டர் பம்பின் டயாஃப்ரம் விறைத்துப் போயிருக்கிறது. வேறொரு கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். அது வந்ததும் கார்புரேட்டர் இன்னொரு முறை மேசைக்கு வரும், அப்போது ஸ்லோ வழியை மறுபடியும் ஸ்ப்ரே அடித்துப் பார்த்துவிடுவேன்.