புளித்தண்ணீரில் போன காசும், வானத்திலிருந்து நீண்ட கையும்

கழுவாத ரோமானிய வெண்கலக் காசுகள் 12 வாங்கி ஆறு வாரம் ஆகிறது. நான்கு காசுகளைச் சுத்தம் செய்து பார்த்துவிட்டேன். மற்றவை டிஸ்டில்ட் வாட்டரில் ஊறுகின்றன. மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுகிறேன்.

முதல் காசைக் கெடுத்துவிட்டேன். குத்துவிளக்கு துலக்கிய பழக்கத்தில் புளித்தண்ணீரில் போட்டேன். பத்து நிமிடத்தில் மண்ணோடு பச்சைப் படலமும் போய் வெறும் செம்பு நிறம் வந்துவிட்டது. முகத்தின் நுணுக்கமெல்லாம் அந்தப் படலத்தில்தான் இருந்திருக்கிறது. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. அப்புறம் தண்ணீர், பல்குச்சி, லென்ஸ் மட்டும்தான்.

இரண்டாவது காசின் தலைப் பக்கம் ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைன். பின்பக்கத்தில் முதலில் தெரிந்தது உயர்த்திய ஒரு வலக்கை. இரண்டு மாலை குச்சியால் மெல்ல நெருடியதில் கதிர்முடியும், இடக்கையில் உருண்டையும் வந்தன. சூரிய தேவன் சோல்! சுற்றிலும் 'சோலி இன்விக்டோ கோமிட்டி', அதாவது 'தோல்வியறியாத துணைவன் சூரியனுக்கு'. கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டு உரிமை தந்த மிலான் உடன்பாடு கி.பி. 313இல். அதன் பிறகும் சில வருடங்கள் இந்தச் சூரியனைக் காசில் அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் கிறிஸ்தவராக மாறிவிடும் பேரரசர், காசில் அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை.

மூன்றாவதில் இரண்டு படைவீரர்கள், நடுவே படைக்கொடி. 330களில் ஏராளமாக அடித்த வகை.

நான்காவது சுண்டுவிரல் நகம் அளவுதான், ஆனால் என்னை அதிகம் கட்டிப்போட்டது இதுதான். தலைப் பக்கத்தில் முக்காடிட்ட கான்ஸ்டன்டைன். 337இல் அவர் இறந்த பிறகு மகன்கள் வெளியிட்டது. பெயருக்கு முன்னால் 'டிவுஸ்' என்பதன் சுருக்கம் இருக்கிறது. இறந்த பேரரசர்களைத் தெய்வமாக்கி ரோமானியர்கள் தந்துவந்த பழைய பட்டம் அது. பின்பக்கத்தில் நான்கு குதிரைத் தேரில் அவர் மேலே போகிறார். சூரியனுக்கும் அதே தேர்தான். குதிரைகளுக்கு மேல் ஒரு சின்னப் புடைப்பு. மண் என்று நினைத்துக் குச்சியை வைக்கப் போனேன். விளக்கைச் சாய்த்துப் பார்த்தால், வானத்திலிருந்து கீழே நீளும் ஒரு கை. அவரை வரவேற்கும் கடவுளின் கை. அதே காலத்தில் வாழ்ந்த கிறிஸ்தவ ஆயர் யூசிபியஸ், தான் எழுதிய கான்ஸ்டன்டைன் வரலாற்றில் இந்தக் காசையே வர்ணித்திருக்கிறார்.

பழைய சாமிகளைக் கும்பிட்டவரும், கிறிஸ்தவரும் இந்தக் காசைச் சங்கடமில்லாமல் கையில் வாங்கியிருக்க முடியும். அச்சு வெட்டியவரின் திறமையை வியக்கிறேன். அந்தக் கை ஒரு மிளகு அளவுகூட இல்லை.

ஐந்தாவது காசில் வெளிர்பச்சைத் தூள் உதிர்கிறது. வெண்கல நோய்தான். உள்ளே தங்கிய குளோரைடு உப்பு ஈரம் பட்டதும் உலோகத்தை அரித்துக்கொண்டே போகும். அதை மட்டும் தனிக் கிண்ணத்துக்கு மாற்றிவிட்டேன்.